கூப்பிட்டால் பேசாத சர்வர்

சியாயி நகரில் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஃபாங் யா-லிங், மதியத்துக்கு வாங்கிய வான்கோழிச் சோற்றுப் பெட்டியைத் திறந்தபோதுதான் காவ் கடைக்குள் வந்தார். எதிர்த் தெரு மருத்துவமனையில் கணினிப் பிரிவுக்குத் தலைவர். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கே தப்பு நடந்தாலும் அதைப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் செய்திருப்பார் என்று நம்புகிற ரகம்.

"மேடம், சோத்தை மூடி வைங்க. காலைல சர்வர் மென்பொருளைப் புதுப்பிச்சோம். சர்வர் நல்லா ஓடுது. ஆனா நாங்க கட்டளை அடிச்சு வேலை வாங்குற கருவி மட்டும், சர்வரே இல்லைங்குது. ஒன்றரைக்கு ஓபி. புது டாக்டர் அட்டவணையை அந்தக் கருவியாலதான் ஏத்த முடியும்."

"புதுப்பிச்சது யாரு?"

"பெய்-ஷான். சேர்ந்து மூணு மாசம். இன்னையோட சோதனைக் காலம் முடியுது. கை நிதானமே இல்ல மேடம். அந்தப் பொண்ணு வேணாம்னு டைரக்டர்கிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வர்றேன்."

யா-லிங்கின் உதவியாளர் போ-ஹான் அதற்குள் பையை மாட்டிக்கொண்டார். நாற்பது வயதாகியும் துப்பறியும் ஆசை அடங்காதவர்.

சர்வர் அறையில் பெய்-ஷான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சர்வரின் தலையில், எந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க அந்த ஊரில் எல்லோரும் வைக்கிற பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம்.

"அக்கா, பொட்டலம் கெட்டுப்போச்சோ என்னவோ! கெட்டா மெஷின் கோவிச்சுக்கும்ல?" என்றார் போ-ஹான்.

யா-லிங் அதை எடுத்துத் திருப்பினாள். "2026 வரைக்கும் தாங்கும். மேல பேனால 114-5-6ன்னு எழுதியிருக்கே, யாரு?"

"நான்தான். நேத்து புதுசா வெச்சேன்," என்றார் காவ் பெருமையாக.

பெய்-ஷான் தன் பதிவேட்டை நீட்டினாள். '2025-05-07' என்று தேதியிட்டு, அடித்த கட்டளைகள் வரிசையாக இருந்தன. "சார் எழுதிக் குடுத்த குறிப்புல இருந்ததைத்தான் வரிவரியா அடிச்சேன் மேடம்."

யா-லிங் குறிப்பையும் பதிவேட்டையும் ஒப்பிட்டாள். ஓர் எழுத்து பிசகவில்லை. பிறகு திரையைப் பார்த்தாள். 7021ஆம் போர்ட்டில் பதில் இல்லை என்று கருவி புலம்பியது. சர்வரோ 7044இல் காத்திருந்தது.

"ஃபயர்வால்தான்க்கா! இல்லாட்டி ஜாவா!" என்றார் போ-ஹான்.

"ஊர்ல இருக்கிறவனை எல்லாம் ஏன் பிடிக்கிறே? கருவி தப்பான கதவைத் தட்டுது. அந்தக் கதவை யாரு காட்டினதுன்னு பார்ப்போம்."

அமைப்புகள் இருந்த இடத்தைத் திறந்தாள். இரண்டு கோப்புறைகள்: 20240612, 1140506. முதலாவதில் 7021, இரண்டாவதில் 7044. காலைப் புதுப்பிப்போடு மாறிய புதிய கருவியின் விளக்கத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு மூவரையும் கூப்பிட்டாள்.

"பழைய கருவிக்கு எந்தக் கோப்புறையைப் படிக்கணும்னு நாம சொல்லி வெச்சிருந்தோம். புதுசு தானே தேடிக்கும். பேர்ல எது பெரிய எண்ணோ, அதுதான் கடைசியா வந்ததுன்னு எடுத்துக்கும். ரெண்டு கோப்புறையோட பேரும் தேதிதான். 1912ஐ முதல் வருஷமா எண்ணி சர்க்கார் படிவத்துல நாம எழுதுற 114ஆம் வருஷமும் 2025ம் ஒண்ணுன்னு நமக்குத் தெரியும். கருவிக்கு என்ன தெரியும்? ரெண்டு கோடி பெருசா, பதினோரு லட்சம் பெருசா?"

"அதான் போன வருஷத்துக் கோப்புறைக்கு ஓடிடுச்சா!" போ-ஹான் தொடையைத் தட்டினார். "அப்போ சர்வர் மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுது?"

"அதுக்குக் கோப்புறை பேரையே நேரா எழுதிக் குடுத்திருக்கு. எழுதினது பெய்-ஷான், குறிப்புல இருந்தபடியே. ஆனா கோப்புறைக்குப் பேர் வெச்சது அவ இல்ல; அவ வருஷத்தை 2025ன்னு எழுதுறவ. 114ன்னு எழுதுற கை இந்த அறையில ஒண்ணுதான் இருக்கு."

காவின் முகம் வெளுத்தது. "பதினெட்டு வருஷம் சர்க்கார் ஆபீஸ்ல இருந்தேன் மேடம். கை தானா எழுதுது. கோப்புறையை நேத்து நான்தான் போட்டேன்."

"பேரை இப்ப மாத்தாதீங்க, சர்வர் அதை நம்பி ஓடிட்டிருக்கு. பெய்-ஷான், கட்டளையிலேயே கோப்புறை பேரைச் சேர்த்து அடி."

அடித்தாள். 'சர்வர் இயங்குகிறது' என்றது கருவி. ஒன்று பன்னிரண்டுக்கு அட்டவணை ஏறியது. போ-ஹான் கை தட்டினார். பெய்-ஷான் மேசையிலிருந்த தன் தண்ணீர்க் குப்பியை எடுத்துப் பையில் போட்டாள்.

"வேலை முடிஞ்சது சார். கெளம்பட்டுமா?"

அவமானம் காவுக்குப் பழக்கமில்லாத பண்டம். ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"டைரக்டர், காவ் பேசறேன். கொஞ்ச நேரம் முன்னாடி பெய்-ஷானைப் பத்தி சொன்னது தப்பு. கோளாறு என்னால வந்தது."

"அப்போ யாரைய்யா வீட்டுக்கு அனுப்பணுங்கிறே?"

"என்னைத் திட்டுறதுன்னா திட்டுங்க சார். அந்தப் பொண்ணு இருக்கட்டும். அவ இல்லாம நான் சமாளிக்க முடியாது."

"சரி. நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லு."

பெய்-ஷான் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.