கண்ணாடியில் ஒட்டிய எழுத்து

"நில்லுங்க... நில்லுங்க... எழுதிடாதீங்க!"

கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் ஓடி வந்தான் ஒருவன். வண்டிக்கு அபராதம் எழுதப்போன ரோமி நிமிர்ந்தாள். அம்மாடி... என்ன கண்ணுடா இது! சாம்பலும் பச்சையும் கலந்து, இமையெல்லாம் மழைத்துளி... ஸ்டுட்கார்ட் நகராட்சிச் சீருடையில் நிற்கிறோம் என்பதே அவளுக்கு ஒரு நொடி மறந்து போனது.

"புகை ஸ்டிக்கர்தானே பார்க்கறீங்க? புகை கம்மின்னு பச்சை ஒட்டியிருக்கேனே மேடம்!"

"கலர் சரிதான். அதுல எழுதியிருக்கற நம்பர் உங்க வண்டி நம்பரா, பாருங்க."

குனிந்து பார்த்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ட்யூபிங்கன்லேர்ந்து குடி வந்தப்போ நம்பர் போர்டை மாத்தினேன்... இதை மறந்தே போயிட்டேன்."

"நம்பர் மாறினா ஸ்டிக்கரும் மாறணும். இல்லேன்னா ஊருக்குள்ள வண்டியைக் கொண்டு வரக் கூடாது. ஆமா, என்ன வேலை பார்க்கறீங்க?"

"எதிர்ல மூக்குக்கண்ணாடிக் கடை என்னோடது. பேர் டில்மான்."

"ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கறவருக்கு சொந்த வண்டிக் கண்ணாடி தெரியலையாக்கும்!"

அவன் சிரித்தான். பாழாய்ப்போன கன்னத்தில் குழி வேறு! எச்சரிக்கையோடு விட்டுவிட்டாள். அவள் சட்டைப் பெயர்ப்பட்டையில் இருந்த பெயரை அவன் மெல்லப் படித்ததும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

தெருமுனை திரும்பும்போதுதான் சுருக்கென்றது. அந்த ஸ்டிக்கர் நம்பரில் ஊரைக் காட்டும் குறிக்கு அடுத்து இருந்த எழுத்துகள்... டி, எச்.

இந்த நாட்டில் கார் நம்பரின் எழுத்துகளை அவரவர் கேட்டு வாங்கலாம். காதலிக்கிறவர்கள் என்ன கேட்பார்கள்? டி, டில்மான். அப்போ எச்?

"ஹில்டாவோ ஹன்னாவோ, உனக்கென்னடி?" வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸல் ரொட்டியைக் கடித்தபடி கேட்டாள் கூட வேலை பார்க்கும் யூட்டா.

"எனக்கென்ன... சும்மா கேட்டேன்."

"சும்மாவா? மூஞ்சி கடுகடுங்குதே!"

மறுவாரமும் மழை. அதே நீல வண்டி, அதே இடம். ரோமி ஆசையாய்க் குனிந்து பார்த்தாள். டி, எச்... அப்படியே இருந்தது! பிய்த்தெறிய மனசு வரவில்லையோ துரைக்கு? அதுவும் ஒட்டியிருப்பது பக்கத்து இருக்கைக்கு நேர் எதிரே. நாளைக்கு அங்கே உட்காருகிறவள் வழியெல்லாம் அந்த எச் எழுத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமாம்!

அபராதச் சீட்டை வைப்பரின் அடியில் அழுத்திச் செருகினாள். கடைக் கதவு திறந்தது.

"ரோமி, ஒரு நிமிஷம்..."

"சட்டம்னா சட்டம்!" திரும்பியே பார்க்காமல் நடந்தாள். கன்னத்தில் வழிந்தது மழை மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவை யூட்டாவின் தலையில் கட்டினாள். இரண்டே நாள்தான்... யூட்டா இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள்.

"இந்தா பாரு, என்னைப் பார்த்தாலே அந்தக் கண்ணாடிக்காரன் முகம் தொங்கிப்போகுது. 'ரோமி வரலையா'ன்னு கேட்கறான். நீயே போய்த் தொலை!"

போனாள். போகாமல் இருக்க முடிந்தால்தானே? வண்டிமேல் சாய்ந்து நனைந்துகொண்டிருந்தான் டில்மான்.

"இன்னும் மாத்தலையா? அந்த எச் மேல அவ்வளவு பாசமா?" அடக்க நினைத்தது கொட்டிவிட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். புத்தம் புதுப் பச்சை ஸ்டிக்கர்... சரியான நம்பரோடு!

"நீங்க சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே வாங்கிட்டேன்."

"பின்னே ஏன் ஒட்டலை?"

"ஒட்டிட்டா... என் வண்டிகிட்ட நீங்க ஏன் நிக்கப் போறீங்க?"

ரோமிக்கு எரிச்சல் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

"எச் யாரு?"

"ஹெட்விக். போன வருஷமே பிரிஞ்சுட்டோம். அந்த எழுத்து வேண்டாம்னுதான் நம்பரையே மாத்தினேன். உள்ளேயே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, முன்னாடி போர்டைப் பார்த்தீங்களா?"

பார்த்தாள். ஊர்க்குறிக்கு அடுத்து ஒரே ஓர் எழுத்து... டி. பக்கத்தில் யாருமில்லை. அபராதம் போடும்போது இதைத் தன் கருவியில் அடித்தவளே அவள்தான். பொறாமை கண்ணை மறைத்துவிட்டதே!

"ரோமி... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. முதல் நாள் திட்டினப்பவே."

அவள் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டிக்குள் கிடந்த, கண்ணாடிப் பனி சுரண்டும் தகட்டை எடுத்து முதலில் அந்த எச் எழுத்தைச் சுரண்டினாள்... பல்லைக் கடித்துக்கொண்டு, துளி மிச்சமில்லாமல்.

"புதுசைக் கொடு" என்றாள்.

கொடு! 'கொடுங்க' இல்லை! அவன் கண் விரிந்தது. ஸ்டிக்கரைத் தரும்போது விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ரோமி... டிக்குப் பக்கத்துல ஓர் ஆர் சேர்த்துக்கட்டுமா?"

"சேர்த்தா நம்பர் மாறும். மறுபடி புது ஸ்டிக்கர் வாங்கணும்."

"வாங்கறேன்."

"மறந்தே... அபராதம்தான்!" என்றவள், விரலை மட்டும் விடுவித்துக்கொள்ளவே இல்லை.