சிறுசின் குரல்

ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் யாரோ முனகினார்கள்.

ஒன்றுமே இருக்கக் கூடாத இடம் என்றால், ஆம்பியன்ஸ். படப்பிடிப்பில் ஒரு காட்சி முடிந்ததும் ஒலிப்பதிவு செய்கிறவர் கையைத் தூக்கி, "ஆம்பியன்ஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பார். கதாநாயகன் முதல் டீ ஊற்றுகிறவர் வரை அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே சிலையாகிவிட வேண்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது, செருப்பைக்கூடத் தேய்க்கக் கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் விழட்டும் என்று நிற்க வேண்டும். அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பிறகு வசனங்களுக்கு நடுவில் ஓட்டை விழுகிற இடத்திலெல்லாம் அந்த அமைதியை எடுத்துப் பூசுவதுதான் ஸ்டுடியோவில் ஒலியைச் சரிசெய்கிற அவளுடைய வேலை. சுவரில் ஆணி பிடுங்கிய இடத்தில் சுண்ணாம்பு அப்புகிற மாதிரி.

ஸ்டுடியோவில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். வைத்தவன் அவளுடைய அண்ணன்தான். சின்ன வயதில் அவன் சமையலறையில் டப்பாவைத் திறந்தால் மாடியிலிருந்தபடியே எந்த டப்பா என்று சொல்லிவிடுவாள். இப்போது அதே காதை வைத்துத்தான் பிழைப்பு.

படத்தின் கதை எளிதானது. ஊருக்கு வெளியே ஒரு பூதம் தன் குட்டியோடு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் குட்டியைப் பிடித்துக் கொல்கிறார்கள். பூதம் பழிவாங்கவில்லை; அழுகிறது. படம் பார்த்துவிட்டு வெளியே போகிறவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூச வேண்டும் என்று டைரக்டர் பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுக்கும்.

பூதத்தைச் செய்தவன் அண்ணன். ரப்பர், கம்பி, மோட்டார், கொஞ்சம் முடி. யூனிட்டில் எல்லோரும் அதைப் பெருசு என்றும், குட்டியைச் சிறுசு என்றும் செல்லமாகக் கூப்பிட்டார்கள். ரகசியம் வெளியே கசிந்துவிடும் என்று படப்பிடிப்பு நடக்கும் ஃப்ளோருக்குள் அவளைக்கூட விடவில்லை. ஒலி மட்டும் அவளுக்கு வந்து சேரும்.

அவள் மறுபடியும் அந்த இடத்தை ஓடவிட்டாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஆனால் ஜன்னலே இல்லாத அந்த எடிட்டிங் அறையில் மதியமும் ஒன்றுதான், நடுநிசியும் ஒன்றுதான். சுவர் முழுக்கத் துணி ஒட்டியிருந்ததால் சொந்த மூச்சே பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து விடுகிற மூச்சு போலக் கேட்கும், ஏ.சி.யின் ஈர வாடையும் சூடேறிய ஒயர்களின் வாடையும் கலந்து தொண்டையில் நிற்கும், கதவுக்கு மேலிருந்த சின்னச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் நாற்காலியின் நிழல் அவளைவிட உயரமாக எழுந்து சுவரில் சாய்ந்திருக்கும். வழக்கமாக இரைச்சலைக் கண்டுபிடித்து அழிப்பாள். இன்றைக்கு என்னவோ தோன்றி, தலைகீழாகச் செய்தாள். மின்விசிறியை அழித்தாள். விளக்குகளின் ரீங்காரத்தை அழித்தாள். தூரத்து வண்டிச் சத்தத்தை அழித்தாள். அந்த முனகலை மட்டும் விட்டுவைத்தாள்.

முனகல் முன்னால் வந்தது. தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவளின் முனகல். ஏறி, ஏறி, மெல்ல இறங்கும். ஒரு இடைவெளி. அதற்குப் பிறகு எங்கோ மூடிய இடத்திலிருந்து, சன்னமாக, பதிலுக்கு ஒரு சின்னக் குரல்.

அவளுடைய கையில் முடி எழுந்து நின்றது. போனில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஆம்பியன்ஸ்ல ஒரு சத்தம் வருது."

"மோட்டார்ம்மா. பெருசு கழுத்துல ஒண்ணு கரகரன்னுட்டே இருக்கு. அழிச்சுடு."

"மோட்டார் முனகுமா?"

 மறுமுனையில் அவனுக்குப் பின்னால் ஏதோ கனமாக நகர்ந்தது.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? அழின்னா அழிச்சுட்டுப் போயேன்."

போனை வைத்துவிட்டான். அவன் அவளிடம் அப்படி எரிந்து விழுந்ததே கிடையாது.

அந்தச் சின்னக் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். போன மாதம் அண்ணன்தான் கொண்டுவந்தான். சிறுசுக்குக் குரல் வேண்டும், மிருகக்காட்சிசாலையில் தெரிந்தவர் ஒருவர் பதிவு செய்து கொடுத்தார், நடுவில் கதவு அடிக்கிற சத்தம் விழுந்திருக்கிறது, எடுத்துக் கொடு என்றான். கதவை வெட்டி எடுத்து இரண்டு பக்கத்தையும் ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டிய இடத்தில் மூச்சு ஒரு துளி குறையும், விக்கல் மாதிரி. அது அவளுடைய காதுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவர் கொடுத்தாராம். அந்தக் குட்டி ஃப்ளோரிலேயே இருக்கிறது. உயிரோடு இருக்கிறது.

அப்போதுதான் டேக்குகளின் முன்வால் நினைவுக்கு வந்தது. பொத்தானை அழுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே கருவி தானாகப் பதிவு செய்துவிடும். அந்தத் துண்டை யாரும் கேட்பதில்லை; அவளும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப் போட்டுவிடுவாள். இப்போது குப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள்.

"பெட்டியைத் தட்டுங்க," என்றது டைரக்டரின் குரல்.

மரத்தில் கட்டையால் அடிக்கிற சத்தம். ஓலம்.

"இன்னும் கொஞ்சம் பலமா."

அடி. ஓலம்.

"சார், கண்ணைப் பாருங்க, கண்ணு வந்துருச்சு!" இது அண்ணன். யாரோ சிரித்தார்கள்.

"ஸ்டார்ட் கேமரா."

அடுத்த டேக். பெட்டியைத் தட்டுங்க. அதற்கு அடுத்தது. பெட்டியைத் தட்டுங்க. அதே அடி, அதே ஓலம், அதே சிரிப்பு. அந்த ஓலத்தைத்தான் அவள் ராவும் பகலும் உட்கார்ந்து மெருகேற்றினாள். கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் கனமாக்கி. எப்படிம்மா இந்தச் சத்தத்தைப் பிடிச்சே என்று டைரக்டர் தோளில் தட்டினார். எப்படிப் பிடித்தாள் என்று அவருக்குத் தெரியாதா? பிள்ளையை அடிக்கிறார்கள் என்று ஒரு தாய் கதறியதை வாங்கி, பிள்ளையை அடிப்பது பாவம் என்று ஊருக்குச் சொல்லப் படம் எடுக்கிறார்களாம்.  பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் அதைப் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனது.

ஃப்ளோருக்குப் போகிற நடைவழியில் அண்ணனின் பழைய படங்களின் கைவேலைகள் இரண்டு பக்கமும் மாட்டியிருந்தன. கோரைப் பல் தலைகள், கொம்புகள், நகம் நீண்ட கைகள். ஒன்று தோளில் உரசியது. ரப்பர்தான், ஒட்டடை படிந்து குளிர்ந்து கிடந்தது. ரப்பருக்கு ஒரு வாடை உண்டு, பழைய டயர் வாடை. நடக்க நடக்க அது தேய்ந்தது. வேறொன்று வந்தது. ஈர மண். நனைந்த முடி. அதற்கும் அடியில், சந்தேகமே இல்லை, பால்.

பால்.

அவள் நின்றாள். கால் பின்னால் போகச் சொன்னது. முன்னால் வைத்தாள்.

ஃப்ளோரின் இரும்புக் கதவை அண்ணன் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் முகம் மாறியது. பிறகு என்ன நினைத்தானோ, சிரித்தான்.

"நல்ல நேரத்துல வந்தே. பூம் மைக் பிடிக்கிறவன் காலையில சொல்லாம கொள்ளாம போயிட்டான். கிளைமாக்ஸ் எடுக்கணும். கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"

"அது ரப்பர் இல்லை."

"மெதுவாப் பேசு."

"ரப்பர் இல்லைண்ணா. அதுக்கு ஒரு பிள்ளை இருக்கு. பெட்டியில போட்டு அடிக்கிறீங்க."

அவன் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. "அதுக்கு என்ன தெரியும்? நடிப்பா, சம்பளமா, வலியா? இதை முடிச்சா எனக்குக் கிடைக்கப்போற பேரு என்னன்னு உனக்குப் புரியுதா? இன்னும் ஒரே ஒரு ஷாட். வந்து பாரேன், நீயே அழுதுடுவே."

அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் கதவைச் சாத்திவிடுவான். வாயை மூடிக்கொண்டு கருவிப் பையைத் தோளில் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்து, நீளக் கழியில் மாட்டிய பூம் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எரிந்துபோன கிராமம் போல ஒரு செட். நடுவில் பெருசு உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தும் கூரை உயரம். முடி சடை விழுந்து கிடந்தது, தோள்பட்டையில் பழைய காயங்கள். கட்டிப் போடவில்லை. சங்கிலி இல்லை, கூண்டு இல்லை. பின்பக்கத் தகரக் கதவை ஒரு தள்ளு தள்ளினால் பெயர்த்துக்கொண்டு போய்விடலாம். போகவில்லை. ஒரு லைட்மேன் ஏணியில் தடுமாறினார். பெருசு கையை நீட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டது. அவர் "சீ, எடு" என்று அந்தக் கையை உதறினார்.

செட்டின் மூலையில் மரப்பெட்டி. அதன் முன்னால் பழங்கள் குவிந்து கிடந்தன. தனக்குப் போட்டதில் பாதியைப் பெருசு அங்கே தள்ளி வைத்திருந்தது. அடியில் இருந்தவை அழுகிக் கறுத்து ஈ மொய்த்தன. மேலே இருந்தவை இன்றைக்கு வைத்தவை.

யாரும் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லையா?

டைரக்டர் கட்டையோடு நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டை உயர்ந்தது. பெருசு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டது.

"ஆம்பியன்ஸ்!" என்று அவள் கத்தினாள்.

கட்டை அந்தரத்தில் நின்றது. அத்தனை பேரும் நின்றார்கள். வருஷக்கணக்காக ஊறிய பழக்கம். சிந்திக்கிறதுக்கு முன்னால் உடம்பு கேட்டுவிடும். டீக்காரர் டம்ளரைச் சாய்த்தபடி நின்றார். டைரக்டர் வாயைத் திறந்து, ஓடுகிற ஒலிப்பதிவைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

அவள் மட்டும் நடந்தாள்.

ஹெட்போனில் எல்லாம் பெரிதாகக் கேட்டது. ஈ. மரம் கிறீச்சிடுவது. பெருசின் முனகல், ஏறி, ஏறி, இறங்கி. பூமைப் பெட்டியின் பக்கம் நீட்டினாள். சின்னக் குரல் பதில் சொன்னது.

நடுவில், ஒரு துளி மூச்சு குறைந்தது.

இல்லை.

மறுபடியும் கூப்பிட்டது. அதே இடம். அதே விக்கல். அவளுடைய ஒட்டு.

கொக்கியைத் தள்ளினாள். மூடியைத் தூக்கினாள்.

ஒரு ஸ்பீக்கர். அதை அணைத்தாற்போல ஒரு சின்ன உடம்பு. உள்ளே பஞ்சு. கண்ணுக்குக் கண்ணாடி மணி. வயிற்றில் நீளமாக ஒரு தையல், எண்ணி எடுத்த மாதிரி சீராக. அண்ணனின் கைத்தையல் எப்போதுமே சுத்தம். சிறுசு எப்போதோ செத்துவிட்டது. அதன் குரலைச் சாகாமல் வைத்திருந்தது அவள்.

பின்னால் தரை அதிர்ந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பால் வாடை தலைக்கு மேல் வந்து நின்றது. அடிக்கப் போகிறது. அடிக்கட்டும். அடிக்க வேண்டும்.

அடிக்கவில்லை. பெரிய கை ஒன்று மெதுவாக இறங்கி, பஞ்சு அடைத்த உடம்பைத் தூக்கி, நெஞ்சோடு வைத்து, தலையை மோந்தது. அதிர்ச்சியே இல்லாத கை. இத்தனை நாளும் பெட்டிப் பக்கத்தில் கிடந்ததற்கு உள்ளே இருப்பதன் வாடை தெரியாதா? தெரிந்தேதான் பழம் வைத்ததா?

ஸ்பீக்கர் கூப்பிட்டது. பெருசு முனகியது.

ஸ்பீக்கரின் இந்த ஒயர்தான் சங்கிலி. பிடுங்கினால் குரல் நிற்கும். நின்றால் இங்கே இருக்க அதற்கு ஒரு காரணமும் கிடையாது. போய்விடும். அவள் பூமைக் கீழே வைத்துவிட்டு ஒயரைப் பிடித்தாள்.

பெரிய கை அவளுடைய கை மேல் வந்து அமர்ந்தது. நசுக்கவில்லை. அப்படியே கிடந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெருசு அவளைப் பார்த்து, மெல்ல, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டியது.

வேண்டாம்.

அவளுடைய விரல் இறுகவும் இல்லை, விடவும் இல்லை. சுற்றிலும் பார்த்தாள். எப்போது ஓடவிட்டார்களோ, கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டைரக்டர் கேமராமேனுக்குச் சத்தமில்லாமல் விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், கிட்டே போ, இன்னும் கிட்டே போ. லைட்மேன் அழுதார். டீக்காரர் அழுதார். கட்டையைத் தூக்கிய கையை இறக்காமலே அந்த ஆளும் அழுதார். அண்ணன் கண்ணீர் வழிய அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். ஒருவரும் அசையவில்லை. தரையில் கிடந்த மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது.

சிறுசு கூப்பிட்டது. பெருசு முனகியது. சிறுசு கூப்பிட்டது.

அந்த ஒரு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. கட் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.