தலையணைக் கடைக்கு ஒரு முகப்பு

போடிநாயக்கனூரில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை ஏறக்குறைய ஒழிந்துபோயிருந்தது. ஊர் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆளுக்கொரு நோக்கி வந்துவிட்டது, அவ்வளவுதான். நோக்கி என்பது மூக்குக் கண்ணாடிதான். எதைப் பார்த்தால் கண்மணி விரிகிறது, எதைப் பார்த்தால் முகம் சுளிக்கிறது என்று அதன் ஓரத்திலிருக்கும் சில்லு ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். செய்தியோ சினிமாவோ கடையோ, கண்ணெதிரே விரியும் எந்தப் பக்கமும் அந்த அளவுக்கு ஏற்றாற்போலத் தன்னை மாற்றிக்கொள்ளும். மனங்கொள் முகப்பு என்று இதற்குப் பேர். மாமியாருக்குப் பச்சையாகத் தெரிகிற புடவைக்கடை மருமகளுக்கு நீலமாகத் தெரியும். வேறு வேறாகத் தெரிகிறது என்பதே தெரியாமல் இரண்டு பேரும் அருமையான கடை என்பார்கள். பிறகு எங்கிருந்து சண்டை வரும்?

ஒரே ஒரு வீட்டில் மட்டும் சத்தம் ஓயவில்லை. அது சிவரஞ்சனியும் பாண்டீஸ்வரனும் குடியிருந்த வீடு. இலவம்பஞ்சுத் தலையணை தைத்து இணையத்தில் விற்றார்கள். அவர்களுடைய கடைப்பக்கம் பழைய காலத்து நிலைப்பக்கம். யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனாலேயே அதை யாரும் பார்ப்பதில்லை. மனங்கொள் முகப்பு வைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலை வந்ததும், தேனியிலிருந்து நிறைமதியை வரவழைத்தார்கள். முகப்பு வடிப்பதுதான் அந்தப் பெண்ணுக்குத் தொழில்.

"ஓரத்துல கனகாம்பரம் போட்ட தலகாணிதான் மொதல்ல தெரியணும். நானே கையால போட்ட பூ" என்றாள் சிவரஞ்சனி.

"பூவுலயா தல வச்சுப் படுக்கப் போறாங்க?" என்றார் பாண்டீஸ்வரன். "காய் வெடிச்சுப் பஞ்சு தெரியணும், வெள்ளத் தலகாணி, கீழ வெல. அம்புட்டுத்தான்."

"ஆமா, ஆஸ்பத்திரிக்கு யாவாரம் பண்ணுற மாதிரி இருக்கும்."

"ஒன் பூவப் பாத்தா வெத்தல எச்சி தெறிச்ச மாதிரி இருக்கு."

நிறைமதி காபியைக் குடித்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "விடுங்கத்த, ரெண்டு பேருக்கும் புடிச்ச மாதிரியே செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடியே செய்தாள். முகப்பு வந்த அன்று காலை சிவரஞ்சனி நோக்கியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பக்கம் நிறையக் கனகாம்பரம். அவள் மனசில் இருந்ததைவிட அழகாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தன் நோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரன் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"நல்லாருக்கு."

அவளுக்குக் காதை நம்ப முடியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பு வரைக்கும் ஒன்றுக்காவது இந்த மனுஷன் விட்டுக்கொடுத்ததுண்டா? அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையணையும் நன்றாக விற்கத் தொடங்கியது.

அடுத்த நாளிலிருந்து பாண்டீஸ்வரனும் ஆள் மாறிப்போனார். அவள் எழுந்திருக்கும் முன்பே காபி போட்டு வைத்தார். வெங்காயம் உரித்துத் தந்தார். குழம்பில் உப்பு கூடிப்போன அன்றும் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. உப்பு கூடினால் ஊரைக் கூட்டுகிற ஆள் அவர். போன மாதம் தேனிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றுமில்லையாம் என்று சொல்லியிருந்தார். அந்த 'ஒன்றுமில்லை' இப்போது அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. போகப்போகிறவர்கள்தான் இப்படி எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள் என்று தோன்றியது. அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். கைவேலை ஓடவில்லை, ஊசி விரலில் குத்தியது.

அன்று சாயங்காலம் அவள் பஞ்சு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காமச் சொல்லுங்க."

"என்னத்த மறைச்சேன்?"

"பின்ன எதுக்குப் பூவுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"எந்தப் பூவு?" என்றார் அவர். "நீதான வெள்ளைக்கு ஒத்துக்கிட்ட. அதப் பாத்து நானே பயந்து கெடக்கேன். இவளுக்கு என் மேல உள்ள பிடிப்பு விட்டுப்போச்சோ, எப்புடியோ போகட்டும்னு விட்டுட்டாளோன்னு."

 இருவரும் நோக்கிகளை மாற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். அதனாலும் பயனில்லை. முகப்பு கண்ணாடியைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறது. அவர் கண்ணாடிக்குள்ளும் அவளுக்குக் கனகாம்பரமே மலர்ந்தது. அவர் தினமும் பார்க்கிற கடையைத் தன்னால் ஒருநாளும் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்சுப் படத்தில் நிஜமாகவே ஒன்றுமில்லை என்று அவர் சத்தியம் செய்த பிறகும் அவள் அழுகை நிற்கவில்லை.

நிறைமதிக்கோ ஒன்றுமே புரியவில்லை. "ரெண்டு பேருக்கும் புடிச்சுத்தான இருந்துச்சு? யாவாரமும் நல்லாத்தான நடக்குது? இதுல என்ன குறை, அத்த?"

"அவரு பாக்குறத நான் பாக்கணும். எங்களுக்குப் பழையபடி ஒரே பக்கம் போதும்."

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"வாங்காட்டிப் போறாங்க" என்றார் பாண்டீஸ்வரன். அன்று அவர்கள் நிஜமாகவே ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

நிலைப்பக்கம் வடிப்பதற்குள் வீடு இரண்டுபட்டது. கடைசியில் ஒரு வெள்ளைத் தலையணை நின்றது. அதன் ஒரு மூலையில் மட்டும் ஒரு கனகாம்பரம், கீழே விலை. அதில் அவருக்கும் திருப்தியில்லை, அவளுக்கும் இல்லை. விற்பனை படுத்தது. ஆனால் குழம்பில் உப்பு கூடினால் மறுபடியும் வீட்டில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் சிவரஞ்சனி நிம்மதியாகச் சமைத்தாள்.

பிறகு ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எழுதினாள். உங்கள் கடை எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி தெரிகிறது, அந்தப் பூ கறை மாதிரி இருக்கிறதென்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், இல்லவே இல்லை என்கிறேன் நான், சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தோம், நாங்கள் இப்படிப் பேசி ரொம்ப நாளாகிறது, இரண்டு தலையணை அனுப்புங்கள் என்றிருந்தது அதில். அவள் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. ஜோடி ஜோடியாக வந்தார்கள். பூவைப் பார்த்து வம்பு பேசினார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். பஞ்சு அடைக்கக் கை போதவில்லை.

நிறைமதி கெட்டிக்காரி, சும்மா இருப்பாளா? மாம்பழக் காலம் முடிவதற்குள் கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"உங்களால எனக்கு ஒரு வழி பொறந்துச்சு, அத்த. பிணக்கு முகப்புன்னு புதுசா ஒண்ணு வடிச்சிருக்கேன். சோடியாப் பாத்தாங்கன்னா, ஒருத்தருக்குப் புடிச்சதுல இன்னொருத்தருக்குப் புடிக்காதத லேசாக் கலந்து காட்டும். சண்ட வரும். கண்ணு கலங்குறதுக்கு முன்னாடி அதுவே தணிச்சு விட்டுரும். சண்ட போடவே சனம் கடைக்கு வருது. எல்லாக் கடைக்காரங்களும் கேக்குறாங்க."

"நல்லாரு" என்றாள் சிவரஞ்சனி.

"நேத்தே உங்க பக்கத்துலயும் போட்டுட்டேன். காசு வேணாம், அத்த."

அவள் போன பிறகு பாண்டீஸ்வரன் சாப்பிட உட்கார்ந்தார். இலை முன்னாலும் கடைப்பக்கத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தவர் உடனே தொடங்கினார்.

"இந்தப் பூவ எடுத்துருன்னு எத்தன தடவ சொல்றது? எச்சியத் துப்பி வச்ச மாதிரி."

வாயெடுத்த சிவரஞ்சனி அப்படியே நின்றுவிட்டாள். இந்தப் பேச்சு இவருடையதா, இல்லை நேற்று வந்த முகப்பு இவரைப் பேச வைக்கிறதா? காலையில் பக்கத்தைப் பார்த்து இருவரும் போட்ட சண்டையை நினைத்துப் பார்த்தாள். அது சட்டென்று தணிந்துபோனது இப்போது அவளுக்குப் பிடிக்கவில்லை. மெதுவாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் மூக்கிலிருந்து நோக்கியைக் கழற்றினாள். தன்னுடையதையும் கழற்றிக் கீழே வைத்தாள். பக்கம் மறைந்துபோனது. இருவருக்கும் நடுவில் இலையும் குழம்புச் சட்டியும்தான் இருந்தன. நோக்கி இல்லாவிட்டால் அவருக்குப் பார்வை மங்கல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் இருந்த பக்கமாகத் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? ஒண்ணும் தெரியலையே."

"அந்தப் பூவப் பத்தி."

அவர் ஒரு கணம் யோசித்தார்.

"தெரியாட்டி என்ன? அது நல்லா இல்லதான். தலகாணியில எதுக்குப் பூவு?"

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆமா, நீங்க பெரிய ரசிகரு. ஒங்க வெள்ளத் தலகாணியத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரிக் கட்டில்ல போடுங்க" என்று தொடங்கினாள். எந்த முகப்பும் தணித்து விடாததால் அந்தச் சண்டை வெகுநேரம் நடந்தது. இலையில் போட்ட சோறு ஆறிப்போனது.