வியாழக்கிழமை வந்த விண்ணப்பம்

"பொய்யி சொல்லாதீங்க! திங்கக்கெழமையே உங்க கையில குடுத்தனுங்க!"

"இன்னைக்குக் காலையில கதவிடுக்குல கெடந்துச்சு, புள்ள. முத்திரையைப் பாரு, பதினாறு. கடைசி நாளு நேத்தோட முடிஞ்சுது."

1958 அக்டோபர் 16, வியாழன், காலை 10.20. எடப்பாடி நெசவாளர் சங்க ஆபீஸில் அந்தோணிமேரியும் கிளார்க் சின்னண்ணனும் போட்ட சத்தத்தில், எதிர்ச்சாரித் தறிகள் ஒன்பதும் நின்றுவிட்டன. நூல் அறுந்ததாம். ஒரே நேரத்தில் ஒன்பதிலுமா?

டைப்பிஸ்ட் வேலை. அது இல்லையென்றால் ஞாயிறன்று மேரி சேலத்துச் சித்தி வீட்டில் சோறாக்கப் போகவேண்டும்.

துணைக்கு வந்திருந்தவர் கஸ்பார் உபதேசியார். பூசை லத்தீனில் ஊறியவர். எந்தச் சொல்லைக் கேட்டாலும் சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி பூர்வீகம் விசாரிப்பார்.

"விண்ணப்பம் எங்கீங்க?" என்றார் அவர்.

"ஃபைல்ல கோத்தாச்சு," என்றான் சின்னண்ணன்.

"சர்க்கார் உத்தரவு, இனிமே தமிழ்ல கோப்புன்னு சொல்லணும்பா," என்றார் செக்ரட்டரி முகம்மது ஹனீப்.

கஸ்பார் முகம் மலர்ந்தது. "ரெண்டும் ஒண்ணுதானுங்க பாய். லத்தீன்ல ஃபீலும்னா நூலு. சீமையில அந்தக் காலத்துல காயிதத்தை நூல்ல கோத்துத் தொங்கவிட்டாங்க, அதான் ஃபைல். நூல் புடிச்சாப்பல வரிசையா நின்னாலும் ஃபைல்தான். நம்மாளுங்க கோக்கறதை வெச்சுக் கோப்புன்னாங்க."

"எம் மச்சான் காளியண்ணன் லாரிப் பட்டறையில அரத்தையும் ஃபைலுங்கறான்!" என்றான் சின்னண்ணன்.

"அது வேற குடும்பமுங்க. பேரு மட்டும் ஒண்ணு."

"இதே வேலைக்கு அந்தக் காளியண்ணன் போட்ட மனுவும் இந்தக் கட்டுலதான் இருக்குது," என்றார் ஹனீப், சும்மா சொல்வதுபோல.

பியூன் அம்மாசி தொண்டையைக் கனைத்தான். "எட்டரைக்கு நான் தொறக்கறப்ப கதவிடுக்குல ஒண்ணுமே கெடக்கலீங்க."

"உனக்குக் கண்ணு எங்க தெரியுது?" என்றான் சின்னண்ணன்.

கஸ்பார் காகிதத்தை விட்டுவிட்டு, கட்டைக் கோத்திருந்த நூலைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "புதுசுங்களா?"

"செவ்வாக்கெழமை மழையில ஓடு ஒழுகிக் கட்டு நனைஞ்சுபோச்சு," என்றார் ஹனீப். "பழசு தறியில மிஞ்சுன சேப்பு நூலு. நேத்துக் காலையில சின்னண்ணன்தான் மாத்துனான்."

10.45. கஸ்பார் மேரியின் விண்ணப்பத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊசித் துளையைச் சுற்றி மிளகளவு சிவப்பு. திங்கட்கிழமைக் கடிதங்களிலும் அதே சிவப்பு. புதன்கிழமை வந்ததில் இல்லை.

"சாயம் போற நூலுங்க. நனைஞ்சன்னைக்கு அதுல கோத்திருந்த காயிதத்துலதான் சேப்பு ஏறும். இன்னைக்கு வந்த காயிதத்துக்கு வெள்ளை நூல்ல சேப்பு எங்கிருந்துங்க வந்துச்சு? திங்கக்கெழமை வாங்கி, முத்திரை அடிக்காமயே கோத்தீங்க, சின்னண்ணா. நூலை மாத்தறப்ப இதை மட்டும் உருவி வெச்சு, இன்னைக்கு அடிச்சுக் கோத்திருக்கீங்க."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" என்றார் ஹனீப்.

"காணோம்னா தேடுவாங்க பாய். நேரமாயிப்போச்சுன்னா எவன் தேடுவான்?"

சின்னண்ணன் முத்திரைக் கட்டையை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். "மச்சானுக்குன்னு ஊட்டுக்காரி கேட்டாளுங்க," என்றான்.

சனிக்கிழமை மேரி தேர்வில் டைப் அடித்தாள். திங்கட்கிழமை முதல் அந்த மிஷின் அவளுடையது. சின்னண்ணன் மேச்சேரிக் கிளைக்குப் போனான். இத்தனையும் யாருக்காக நடந்ததோ, அந்தக் காளியண்ணனுக்குத்தான் ஏகப்பட்ட சந்தோஷம். நாற்காலி வேலை அவனுக்குக் கசப்பு. அடுத்த தையில் நாமக்கல்லில் பெண் கட்டி, லாரியோடு அங்கேயே தங்கிவிட்டான்.

1961இல் மேரி பாக்கியநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குக் குடிபோய், அங்கிருந்தே தினமும் பஸ்ஸில் எடப்பாடிக்கு வேலைக்கு வந்துபோனாள். வேலையை விடமாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை உடனே தலையாட்டினார். அவருடைய அம்மா தலையாட்ட நான்கு மாதம் பிடித்தது.