தடம் விழாத முதுகு

ஷில்பாதான் முதலில் கவனித்தாள். பீன்யா கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, உடை மாற்றும் அறையில் வனஜா சீருடைச் சட்டையைக் கழற்றியபோது பின்னால் நின்றிருந்தவள், "ஏய், நேத்து முதுகு வலிக்குக் கப்பு வச்சேன்னு சொன்னியே, எங்கடி தடம்?" என்றாள்.

"நல்லா பாரு."

"பாத்துட்டுதான் சொல்றேன். கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்குது."

வனஜா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். ஒரு மேடு இல்லை, கன்றல் இல்லை. கண்ணாடிக் கப்பை நெருப்புக் காட்டிக் கவிழ்த்தால் அது தோலை உறிஞ்சிப் பிடிக்கும், வட்ட வட்டமாக ரத்தம் கட்டும், மறைய ஒரு வாரமாவது ஆகும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

"வலி போச்சா?"

"போச்சு."

"அப்புறம் இன்னா? தடத்த வச்சு ஊறுகாயா போடப்போற?"

ஷில்பா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வனஜாவும் சிரித்தாள், ஆனாலும் கை மறுபடி முதுகுக்குப் போனது. வருஷக்கணக்காக முதுகில் குடியிருந்த வலி ஒரே ராத்திரியில் காணாமல் போனால் சந்தோஷப்படத்தான் வேண்டும். அந்த முதுகு நிமிர்ந்தால்தான் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால்தான் மகள் ரக்ஷிதா நாலாங்கிளாஸிலிருந்து மேலே போவாள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு வனஜாவுக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரே பெண்தான். அவளுக்காகத்தான் இத்தனை பாடும்.

மழை பிடித்துக்கொண்டது. ஜீவனஹள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸில், கண்ணாடியில் வழியும் தண்ணீரையும் சிக்னலில் சிவந்து நிற்கும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டே, நேற்றுச் சாயங்காலத்தை அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

கப்பு வைக்கிற காந்தாவின் வீட்டு முன்னறை. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் ரக்ஷிதா ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள், பென்சில் உரசும் சத்தம் கேட்டபடியே இருந்தது. வனஜா கட்டிலில் குப்புறப் படுத்திருக்க, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு எரியும் வாடை அறையைச் சுற்றியது, ஒவ்வொரு கப்பும் 'சுக்' என்று ஒட்டும்போது தோல் மெல்ல மெல்ல மேலே இழுபட்டது. எல்லாம் வைத்து முடித்து காந்தா துண்டைப் போர்த்திவிட்டு நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்பிரிட் வாடை அடங்கி, அடைத்துக் கிடந்த வீட்டைத் திறந்ததுபோல ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. கட்டில் ஓரம் யாரோ உட்கார்ந்த மாதிரி அமுங்கியது. பிறகு, காதுக்கு மிகப் பக்கத்தில், தாழ்ந்த குரல்.

"பென்னு கொடு."

கன்னடத்தில் பென்னு என்றால் முதுகு. வனஜா பிறந்து வளர்ந்ததே இந்தத் தெருக்களில்தான், கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காந்தாதான் முதுகைக் காட்டச் சொல்கிறாள் என்று நினைத்தாள். முகம் தலையணையில் புதைந்திருக்க, "எடுத்துக்கோங்க, உங்களுக்குத்தான்" என்று சொன்னாள். எல்லாக் கப்பும் ஒன்றாக ஒரு இழுப்பு இழுத்தன. அத்தோடு வலி விட்டது.

பஸ் குலுங்கி நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. காந்தாவுக்குச் சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். வனஜாவிடம் அவள் ஒரு நாளும் கன்னடம் பேசியதில்லை.

போன் போட்டாள்.

"காந்தாக்கா, நேத்து கப்பு வச்சப்போ பென்னு கொடுன்னு சொன்னீங்களா?"

"நானா? நான் எதுக்கும்மா கன்னடத்துல சொல்லப்போறேன்? கப்ப வச்சுட்டு வாசலுக்குப் போனவ, எடுக்கத்தான் உள்ள வந்தேன். உன் பொண்ணுதான் திரைக்கிட்ட நின்னு, உள்ள யாரு ஆன்ட்டின்னு கேட்டுக்கிட்டு இருந்தா."

"உள்ள யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்ல. நீ மட்டும்தான். உனக்கு ஏன் ரத்தமே கட்டலன்னு எனக்கே தெரியல வனஜா. எடுத்தப்போ வெறும் முதுகுதான் இருந்துச்சு."

ஸ்டாப்பிலிருந்து வீடுவரை அவள் ஓடினாள். முதுகு ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருபது வயதில் ஓடியதுபோல ஓடவிட்டது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

தெருவில் கரண்ட் இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை.

"ரக்ஷி?"

ஜன்னல் வழியாக வரும் சாயங்கால வெளிச்சத்தில், பாயில் ரக்ஷிதா குப்புறப் படுத்திருந்தாள். ஸ்கூல் யூனிபார்ம் கூட மாற்றவில்லை. தூங்குகிறாள். மூச்சு வருகிறது. வனஜா மண்டி போட்டு உட்கார்ந்து சட்டையைத் தூக்கினாள்.

வட்டங்கள். கருஞ்சிவப்பாக. கழுத்தடியிலிருந்து இடுப்புவரை.

வனஜா மகளின் முதுகை இரண்டு கையாலும் மூடினாள். அறையில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் யார் கேட்பார்கள் என்று தெரிந்தே பேசினாள்.

"நான்தான கொடுத்தேன். என்னோடத எடுத்துக்கோ. என் வலிய திருப்பிக் கொடு. என் முதுகு, என் முதுகு இருக்குது பாரு."

கழுத்துக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், சுத்தமான தமிழில் அந்தக் குரல் கேட்டது.

"முதுகை யாரு கேட்டா?"

அப்போதுதான் வனஜாவுக்குப் புரிந்தது. அது கன்னடம் பேசவே இல்லை. பெண்ணைத்தான் கேட்டிருக்கிறது. பெண்ணு கொடு. திரைக்கு அந்தப் பக்கம் பென்சில் உரசிக்கொண்டிருந்த பெண்ணை. எடுத்துக்கோங்க, உங்களுக்குத்தான் என்று அவள் வாயால்தான் சொன்னாள்.

"இல்ல. நான் அப்படிச் சொல்லல. எனக்குப் புரியல."

அவள் உள்ளங்கைக்கு அடியில் தோல் அசைந்தது. கையை எடுத்தாள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே, எதுவும் ஒட்டியிராத வெறும் தோல் மெல்லக் குமிழாக எழுந்தது. சிவந்தது. இன்னும் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.

ரக்ஷிதா கண் திறக்கவில்லை.

வனஜா அவளை இடுப்போடு கட்டிப் பிடித்து, தன் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். பிடி வழுக்கியது. பாயிலிருந்து முதலில் குழந்தையின் நெஞ்சு கிளம்பியது, பிறகு வயிறு, பிறகு முட்டி. கையும் காலும் துவண்டு தொங்கின, தலை தொங்கியது. முதுகு மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. குழந்தைக்கும் பாய்க்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் புகுந்து, எதிர்ச் சுவர்வரை போய் விழுந்தது.