செம்மண் கழுவிய மொச்சை

அந்தச் சனிக்கிழமை விடிந்ததே சரியில்லை. வில்லாபுரத்து வீட்டில், சமையலறை மூலையிலிருந்த விதைப்பானையைத் தூக்கிய அழகுபாண்டி, அது கனமே இல்லாமல் கையோடு வந்ததும் திகைத்துப் போனான்.

“தாமரை! இதுல இருந்த மொச்சை எங்கடீ?”

பேரையூர்ப் பக்கம் அவன் அப்பா விட்டுப்போன நிலத்தில், உரமும் மருந்தும் காட்டாமல் விளைவித்த நாட்டுமொச்சை அது. பூச்சி அண்டாமலிருக்கச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்த விதை. மழை ஏமாற்றிய வருஷத்தில் பானையில் இருந்ததுதான் மிச்சம். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் இன்றும் நாளையும் நடக்கும் இயற்கை உணவுத் திருவிழாவில், மேடையேறித் தன் கையாலேயே முதல் விதையை எடுத்துக் கொடுக்கப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

தாமரைச்செல்வி மாமியாரை ஒரு நொடி பார்த்தாள். ரெங்கம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“நாந்தாங்க... நேத்துக் குழம்புல போட்டுட்டேன்.”

நேற்று மதியம் அந்த மொச்சைக் கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் சாட்சாத் அவனேதான். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இரட்டிப்பாகி, தான் தின்ற பங்கையும் சேர்த்து அவள் தலையிலேயே இறக்கினான்.

“செம்மண்ணு பூசி வச்சிருக்கே, கண்ணா தெரியல? எங்கப்பன் விதைடீ அது!”

திருவிழா பார்க்க வந்திருந்த அவன் தங்கை பாண்டிச்செல்வி சும்மா இருப்பாளா? “தெரியாம எப்பிடிண்ணே? மண்ணு போகக் கழுவித்தானே உலையில போட்டிருக்கணும்? உம்பேரு மைக்குல வந்துறக் கூடாதுன்னு மதினிக்கு அம்புட்டு வயித்தெரிச்சல்!”

எல்லோரையும் விட உரக்கக் கத்தியது ரெங்கம்மாள்தான். “அடிப் பாவி! எம்புருசன் காப்பாத்துன விதையை அவிச்சுட்டியேடீ! உனக்கு எப்பிடிடீ மனசு வந்துச்சு?”

நேற்றுக் காலை தாமரைச்செல்வி கடைக்குப் போய்த் திரும்பியபோது தொட்டி முழுக்கச் செந்தண்ணீர். அடுப்பில் மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது. “உங்க மாமா பசியோட வருவாருத்தா... மொச்சைன்னா அவருக்கு உசுரு,” என்று சிரித்தாள் மாமியார். மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. வெந்ததை என்ன செய்ய? கருவாட்டைப் போட்டுக் குழம்பாக்கிவிட்டு, புழக்கடையில் நின்று அழுதாள்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஆடி மாதம் ஒருநாள், அவனியாபுரத்தில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற ரெங்கம்மாளைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தபோது, அவள் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எல்லாம் மறக்குதுத்தா... பாண்டிகிட்டச் சொல்லிராத. எங்கக்காவை அவ மக்க இப்பிடித்தான் ஒரு ரூம்புக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. கதவைத் தட்டித் தட்டியே செத்துப்போனா. குலசாமி மேல சத்தியம் பண்ணு!” சத்தியம் பண்ணியிருந்தாள். பண்ணாமல் எப்படி இருக்க முடியும்?

“திருவிழா முடியட்டும்,” என்றான் அழகுபாண்டி. “உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு. இனி உன் கையால எனக்குச் சோறு வேணாம்.”

தான் போய்விட்டால் அத்தையை யார் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் அவள் நெஞ்சை அரித்தது.

மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. துணிப்பையும் தூக்குவாளியுமாக ஜனம் வந்து, தினை லட்டுக்கும் கம்பங்கூழுக்கும் முண்டியடித்தது. தாமரைச்செல்வி மாமியாரைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் போட்டிருந்த கடையின் பின்பக்கம் கேழ்வரகு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். மைக்கில் புருஷனின் பெயர் வந்தபோது கை தானாக நின்றது.

“மன்னிச்சுக்கங்க,” என்ற அவன் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “விதை கொண்டாரல. எங்க வீட்டம்மா குழம்பு வச்சுட்டாங்க.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதைவிட அடித்திருக்கலாமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அத்தையைக் காணோம்!

“ஏங்க, அத்தையைக் காணோங்க!” என்று அலறிக்கொண்டு ஓடினாள். மேடையிலிருந்து இறங்கிய அழகுபாண்டியும் பாண்டிச்செல்வியும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். கடைசி வரிசையிலிருந்த விதைக்கடை முன்னால் ஒரே சத்தம்.

“பாட்டிம்மா, அதைத் தண்ணியில போடாதீங்க! விதைக்கு வச்சது!” என்று கடைக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் யாருடைய தண்ணீர் வாளியையோ இழுத்து வைத்து, செம்மண் பூசிய துவரையை அள்ளிப் போட்டு, மண் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா! என்ன பண்ற?” என்று கத்தினான் மகன்.

அவள் நிமிரவேயில்லை. “உலை கொதிக்குது. அவரு வார நேரம்... நேத்து மொச்சையை அவிச்சேன், சாப்பிட வரலையே மனுசன். எம்மருமக ஒரு வார்த்தை வையல. நல்ல பிள்ள.”

அழகுபாண்டியின் முகம் செத்துப்போனது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். பாண்டிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “மதினி...” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா ரெங்கம்மாளுக்கு நினைவு தெளிய வேண்டும்? சுற்றி நின்ற கூட்டத்தையும் கையில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சொல்லிட்டியாத்தா?”

“இல்ல அத்தை! சத்தியமா நான் சொல்லல அத்தை!” தாமரைச்செல்வி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். இத்தனை ஏச்சிலும் அடக்கி வைத்திருந்த அழுகை அந்த ஒரு கேள்விக்கு உடைந்தது.

அழகுபாண்டி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “தாமரை... அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னையப் போயி...”

“என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அத்தையை எந்த ரூம்புலயும் போட்டுப் பூட்ட மாட்டேன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

“பூட்டுவேனா தாமரை? எங்கம்மாவையா?” அவன் தாயின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். “பூட்ட மாட்டேம்மா... நானும் இவளும் உன் பக்கத்துலயே இருக்கோம்மா. கேக்குதா?”

கேட்கவில்லை. வந்த தெளிவு அதற்குள் போய்விட்டிருந்தது. ரெங்கம்மாள் காலடியில் கிடந்தவனை மிரட்சியோடு பார்த்தாள். பிறகு குனிந்து, ஈரக்கையால் அவன் தலையைத் தடவினாள்.

“யாரு பெத்த பிள்ளையோ... அழுவாதீங்க தம்பி. வீட்டுல யாரும் வைஞ்சுட்டாங்களா?”

தாமரைச்செல்வி ஒரு கையால் மாமியாரையும் மறு கையால் புருஷனையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மகன் அத்தை,” என்றாள்.