குண்டு தீராத துப்பாக்கி

பிற்பகல் 2.40. கணினி அறையின் தரையில் வெண்டல் ஓக்ஸ் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் சுவரிலிருந்து கழற்றிய தீயணைப்புக் குப்பி. அதன் அடியில் ரத்தம்.

லெனோரா பிரூட்டுக்கு அலற வாய் வரவில்லை. மண்டியிட்டு மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு இருந்தது. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

அமெரிக்காவில் மேடிசன் நகரின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன வீடியோ கேம் கம்பெனியில் அன்று ஆட்டத்தை வடிவமைக்கும் வெண்டல், லெனோரா, அதைச் சோதிக்க வந்த மூன்று பேர் என மொத்தமே ஐந்து பேர். காலையிலிருந்து பனிப்புயல். மற்ற ஊழியர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ், பனி வாரும் வண்டியின் பின்னால் ஊர்ந்து வந்து வெண்டலை ஏற்றிக்கொண்டு போனது. சாலை மறுபடி மூடிக்கொண்டது.

ஷெரிப் அலுவலகத்திலிருந்து இங்க்ரிட் சேதர் என்ற அதிகாரி தொலைபேசியில் பேசினாள்.

"அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன். யாரையும் வெளிய விடாதீங்க."

"உள்ள இருக்கிற மூணு பேர்ல ஒருத்தர்தானே அடிச்சிருக்கணும், ஆபிசர்? அவங்களோட நான் எப்படி இருக்கறது?"

"ஒரு ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டு இருங்க."

நல்ல யோசனைதான். ஆனால் லெனோராவின் பையில் இருந்த கைபேசியில், வெண்டல் அடிபடுவதற்குச் சற்று முன் அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது. 'மூணு பேர்ல ஒருத்தர் சராசரி இல்ல. நல்லா ஆடத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கிறார். இடைவேளைல சொல்றேன்.' சொல்வதற்குள் மண்டையைப் பிளந்துவிட்டார்கள். கணினியில் செருகியிருந்த சோதனைப் பென் டிரைவையும் காணவில்லை. விரல் நீளம்கூட இல்லாத பொருள். இன்னும் வெளியாகாத ஆட்டம் முழுக்க அதில் இருந்தது. ஆட்டத்தில் குறுக்கு வழியில் ஜெயிக்க ஏமாற்று மென்பொருள் விற்கிற கூட்டத்துக்கு அது முன்கூட்டியே கிடைத்தால் வெளியீட்டு நாளிலேயே அறுவடை.

கம்பெனியின் முந்தைய ஆட்டத்தைப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர்கள் மட்டும் சோதித்தார்கள். எல்லாம் பிரமாதம் என்றார்கள். வெளியிட்டதும் சாதாரண ஜனங்கள் செம அடி வாங்கி இரண்டே மாதத்தில் ஓடிப்போனார்கள். அதனால்தான் இந்த முறை, "சாம்பியனுக்கு வலிக்காத இடம்தான் சாதாரண ஆளுக்கு வலிக்கும். எனக்கு நடுவாந்தரமா ஆடறவங்க வேணும்" என்று வெண்டல் பிடிவாதம் பிடித்தார். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து அழைத்து வருவது லெனோராவின் வேலை. அது பெரும்பாடு. தான் நடுவாந்தரம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஒப்புக்கொண்ட மூன்று பேரும் இப்போது சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அழைத்து வந்ததே லெனோராதான். பூட்டிக்கொள்வதற்கு முன் அவர்களைக் கேள்வி கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. கதவுப் பக்கமாகவே நின்றுகொண்டாள்.

மார்லிஸ் குந்தர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இடைவேளையில எங்க போனீங்க, மார்லிஸ்?"

"வெளிய. என் வண்டி எஞ்சின் உறைஞ்சிடுமேன்னு கொஞ்சம் ஓட விட்டேன். என்னைப் பாத்தா அடிக்கிறவ மாதிரியா இருக்கு, கண்ணு?"

"யாராவது உங்களைப் பாத்தாங்களா?"

"அந்தப் பனியில என்னை நானே பாக்கலை."

அடுத்தவன் செங் யாங், மருந்துக்கடை உதவியாளன். மடியில் பையை இறுக்கி அணைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க?"

"பாத்ரூம்ல."

"பையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"திறந்து காட்டறீங்களா?"

"போலீஸ் வரட்டும்." அவன் பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

"தம்பியை விடுங்க, பாவம், பயந்து போயிருக்கான்," என்றார் ராஸ் ஹேவர்காம்ப். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். பார்த்தவுடன் பிடித்துப் போகிற முகம். "நான் இங்கதான் காபி போட்டுக்கிட்டிருந்தேன். இன்னொரு கப் வேணுமா யாருக்காவது?"

மார்லிஸ் காபி டப்பாவை எடுக்க எழுந்தாள். "நீங்க உக்காருங்க, நான் போடறேன்," என்று ராஸ் அதை அவள் கைக்கு எட்டாமல் நகர்த்தினார்.

லெனோராவின் சந்தேகம் செங்கின் மேல் விழுந்தது. காலையில் ஆட்டத்தில் அவன் ஒரே மூச்சில் மூன்று பேரைச் சுட்டு வீழ்த்தியதை அவள் பார்த்திருந்தாள். ராஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. "என் துப்பாக்கிக்கு முன்னாடி நின்னாதான் பத்திரம்," என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

3.30. லெனோரா வெண்டலின் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். பூட்டியாயிற்றா என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். காலை ஆட்டங்களின் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டாள்.

ஆறு குண்டுத் துப்பாக்கி. மறுபடி குண்டு நிரப்ப மூன்று விநாடி ஆகும். அதுவரை ஆட்டக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். மார்லிஸ் இரண்டு குண்டு சுட்டாள், பதறி நிரப்பினாள், அந்த மூன்று விநாடியில் செத்தாள். பதிவில் அவள் தன்னையே திட்டிக்கொள்வதும் கேட்டது: "நாலு குண்டு கையில இருக்கும்போது உனக்கு எதுக்குடி ரீலோட்டு!" செங்கும் அப்படியே செத்துக்கொண்டிருந்தான். ராஸ் சுட்டதெல்லாம் சுவரில் பட்டது.

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். லெனோரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யாரோ கடந்து போனார்கள். எழுந்து போய்க் கைப்பிடியை இழுத்தாள். பூட்டித்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தாள். மனசு கேட்கவில்லை. மறுபடி எழுந்து போய் இழுத்தாள்.

இழுத்த கை அப்படியே நின்றது.

பூட்டியிருக்கிற கதவை எதற்காக மூன்றாம் தடவை இழுக்கிறேன்?

அவள் திரைக்கு ஓடினாள். ஒலியைக் கூட்டி, ராஸின் ஆட்டங்களை முதலிலிருந்து போட்டாள். இப்போது அவள் அவருடைய குறியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியில் குண்டு நிரம்பும் 'க்ளக்' ஓசையை மட்டும் கேட்டாள். ஒவ்வொரு ஆட்டமாகக் கேட்டு முடித்தபோது அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

கதவு தட்டப்பட்டது.

"லெனோரா? காபி கொண்டு வந்திருக்கேன்." ராஸின் குரல்.

"வேண்டாம், ராஸ். தேங்க்ஸ்."

"திறங்களேன், குடுத்துட்டுப் போயிடறேன்." கைப்பிடி மெல்ல அசைந்தது. "வெண்டல் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களிலேயே கடினமானது அடுத்துச் சொன்னதுதான்.

"இல்ல. ஆனா எனக்கு செங் மேலதான் சந்தேகம். அவரை வெளிய போகாம பாத்துக்கறீங்களா?"

"கண்டிப்பா," என்றது குரல். காலடிகள் விலகின. லெனோரா தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அப்பாவிப் பையனை அந்த ஆளிடம் காவல் வைத்துவிட்டோமே என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது.

4.50. பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு ஜன்னலில் சுழன்றது. இங்க்ரிட் சேதர் உள்ளே வந்து பனியை உதறும்வரை லெனோரா கதவைத் திறக்கவில்லை. பிறகு அதிகாரியின் தோளை ஒட்டியபடியே சமையலறைக்குப் போனாள்.

"அடிச்சது இவர்தான்." அவள் விரல் ராஸைக் காட்டியது.

ராஸ் சிரித்தார். "நானா? ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவன்மா நான்!"

"குறி தப்பறதுக்கும் தோக்கறதுக்கும் பழகிட்டு வந்திருக்கீங்க. ஆனா மார்லிஸ் ரெண்டு குண்டு சுட்டதும் ரீலோட் பண்றாங்க. செங் ஒரு குண்டுக்கே பண்றாரு. துப்பாக்கியில குண்டு இருக்குன்னு தெரியும், இருந்தாலும் பயம். அதனாலயே ரெண்டு பேரும் சாகறாங்க. நீங்க இன்னிக்கு முழுக்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அப்படிப் பண்ணலை. ஆறும் தீர்ந்த பிறகு, சுவருக்குப் பின்னாடி போய், நிதானமா நிரப்பினீங்க. குறி தெரியாத ஆளுக்கு எண்ணிக்கை மட்டும் எப்படித் தப்பாம வந்தது?"

ராஸின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"பயந்தவங்களுக்கு எண்ண வராது, ராஸ். வெண்டல் அதைக் கவனிச்சிருக்காரு. நீங்க நல்லா ஆட ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு. அந்தப் பயம் எப்படி இருக்கும்னே உங்களுக்கு மறந்துபோச்சு, அதான் நடிக்க வரலை. ஆபிசர், அந்தக் காபி டப்பாவைக் கொட்டிப் பாருங்க. மத்தியானத்துலேர்ந்து வேற யாரையும் தொட விடலை."

இங்க்ரிட் டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். காபித் தூளோடு கறுப்புப் பென் டிரைவ் வந்து விழுந்தது. ராஸ் வாசலைப் பார்த்தார். மார்லிஸ் அதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைத் தாண்டிப் போக யாராலும் முடியாது.

விலங்கு மாட்டிய பிறகு செங் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தான். உள்ளே மடித்து வைத்த மருந்துக்கடைச் சட்டை. "பனியில மாட்டிக்கிட்டேன், வேலைக்கு வர முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டு இங்க வந்தேன்," என்றான்.

"இப்ப நிஜமாவே மாட்டிக்கிட்டே, தம்பி," என்றாள் மார்லிஸ். லெனோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. வெண்டல் கண் விழித்துவிட்டார். முதல் கேள்வி, தன் தலையைப் பற்றி இல்லை. பென் டிரைவ் கிடைத்ததா என்பது.

மார்லிஸின் வண்டியில் எல்லோரும் கிளம்பினார்கள். லெனோரா கட்டடத்தைப் பூட்டிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டியாச்சு கண்ணு, நான்தான் பாத்தேனே! குளிருது, ஏறு!"

"வரேன், வரேன்," என்று சொல்லிக்கொண்டே லெனோரா இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.